ஊர் அறிந்த சாதி, நீதிமன்றம் அறியாத சாதி

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒருவரின் சாதியை நேரடியாகக் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. 'எந்தத் தெரு?' என்ற கேள்வியே போதுமானது. ஊர் ஒரு பக்கம், சேரி மறுபக்கம், இடுகாடும் தனித்தனி. யார் யாரை ஒருமையில் அழைக்கலாம், யார் யாருக்கு முன் எழுந்து நிற்க வேண்டும் என்பதைப் பள்ளிக்குச் செல்லும் முன்பே குழந்தைகள் கற்றுக்கொள்கின்றனர். அங்கே சாதி என்பது வெள்ளிடைமலை; அதற்குச் சான்று கேட்பாரில்லை.

அதே ஊரில் ஒரு வன்கொடுமை நிகழ்ந்து வழக்கு நீதிமன்றம் சென்றதும் நிலைமை தலைகீழாகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பது எதிரிக்குத் தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்? தெரிந்திருந்தாலும், சாதியின் காரணமாகத்தான் தாக்கினார் என்பதை எப்படி நிறுவுவது? தலைமுறைகளாக எதிரெதிர்த் தெருக்களில் வாழ்ந்தவர்கள் சாட்சிக் கூண்டில் ஒருவரையொருவர் அறியாத அந்நியர்களாகிவிடுகின்றனர்.

இதற்கு மறக்கவியலாத எடுத்துக்காட்டு கயர்லாஞ்சி. மகாராட்டிர மாநிலம் பண்டாரா மாவட்டத்தின் அச்சிற்றூரில், 2006 செப்டம்பர் 29 அன்று பய்யாலால் போத்மாங்கேயின் மனைவி, மகள், இரு மகன்கள் ஆகிய நால்வரும் ஒரு கும்பலால் படுகொலை செய்யப்பட்டனர். அவ்வூரின் தலித் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சொந்த நிலத்தில் உழுது, பிள்ளைகளைப் படிக்கவைத்துத் தலைநிமிர்ந்து வாழ முயன்ற குடும்பம் அது. நாடெங்கும் உள்ள தலித் மக்களுக்கு இக்கொலையின் காரணம் விளக்கம் தேவைப்படாத ஒன்றாக இருந்தது. நீதிமன்றத்துக்கு அவ்வாறு இல்லை. 2008இல் விசாரணை நீதிமன்றம் அறுவருக்கு மரண தண்டனையும் இருவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. முந்தைய வழக்கொன்றில் சாட்சி சொன்னதற்கான பழிவாங்கல் என்பதே அது கண்ட காரணம். 2010இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு மரண தண்டனைகளைக் குறைத்தது. சாதி நோக்கம் நிறுவப்படவில்லை என்ற முடிவை மாற்றவில்லை.

பழிவாங்கல் என்பது பொய்யன்று. ஆனால் ஒரு தலித் குடும்பம் ஆதிக்க சாதியினருக்கு எதிராகச் சாட்சி சொல்வதே பொறுக்கவொண்ணாக் குற்றமாக ஓர் ஊருக்குத் தோன்றியது ஏன் என்ற வினா அத்தீர்ப்புகளுக்குள் இடம்பெறவில்லை. சாதியைத் தன் உடலில் சுமந்தவருக்கு அவ்வினாவே முதல் வினா. சுமக்காதவருக்கு அது எழுவதேயில்லை.

1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லமைப்பும் இதற்கு வழிவகுத்தது. பத்தாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களுக்கான 3(2)(5) பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் 'என்ற காரணத்தால்' குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்றது. 2016 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், அவர் அவ்வாறானவர் 'என்று அறிந்து' செய்திருந்தாலே போதும் என மாற்றியது. உடன் சேர்க்கப்பட்ட 8(இ) பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ எதிரி நேரில் அறிந்தவராயின், சாதி அடையாளத்தையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். மறுத்து நிறுவும் பொறுப்பு எதிரியுடையது. ஊர் அறிந்ததைச் சட்டமும் அறிய வேண்டும் என்பதே இதன் பொருள்.

திருத்தத்துக்கு முந்தைய குற்றங்களுக்கு இப்பயன் கிட்டவில்லை. பார்வையற்ற தலித் பெண்ணொருவர் 2011இல் ஆந்திரத்தில் வன்புணர்வுக்கு ஆளான வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம் சாதி, பாலினம், உடற்குறை மூன்றும் பின்னிப்பிணைந்து ஒடுக்குவதை விரிவாக எடுத்துரைத்தது. சாதி ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்றும் கூறியது. வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனை உறுதியாயிற்று. எனினும் தனிச் சான்று இல்லையென வன்கொடுமைச் சட்டப் பிரிவின் கீழான தண்டனை நீக்கப்பட்டது.

இழிவுபடுத்தல் வழக்குகளில் வேறொரு தடை உண்டு. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 'பொதுமக்கள் பார்வையில்' நடந்திருக்க வேண்டும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் வருவாய்த் துறை ஊழியர் ஒருவர், தம் அலுவலகத்திலேயே சாதிப் பெயர் சொல்லித் திட்டப்பட்டதாகப் புகார் அளித்தார். சக ஊழியர்கள் நிகழ்வுக்குப் பின்னரே அங்கு வந்தனர், ஆகவே அது பொதுமக்கள் பார்வையில் நிகழவில்லை எனக் கூறி, உச்ச நீதிமன்றம் 2025 சனவரியில் அவ்வழக்கை ரத்து செய்தது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் அத்தீர்ப்புக்குக் காரணம் உண்டு. ஆனால் நாற்காலியில் அமர்ந்திருக்கும் தலித் அலுவலரை எதிரே நிற்பவர் சாதி சொல்லித் தாழ்த்த முடியும் என்றால், அந்தத் துணிவு அறைக்கு வெளியே உள்ள சமூகத்திலிருந்தே வருகிறது. நான்கு சுவர்கள் அதைத் தடுப்பதில்லை. சாட்சிகளை மட்டுமே தடுக்கின்றன.

'எங்களுக்குத் தெரியும்' என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா என்ற மறுப்பு நியாயமானதே. பொய்க் குற்றச்சாட்டால் அதிகம் துன்புறும் மக்களுள் தலித்துகளும் உண்டு. குற்றம் நிறுவப்படும்வரை எவரும் நிரபராதி என்ற நெறி அவர்களுக்கும் அரண். ஆகவே நாம் கோருவது சான்றில்லாத தண்டனையன்று. ஊரில் வெளிப்படையாக இருப்பது வழக்குக் கோப்பில் சான்றாக ஏறவேண்டும் என்பதே.

அந்தப் பணி காவல்துறையுடையது. புலனாய்வை மேற்கொள்ளும் துணைக் கண்காணிப்பாளர் தெருக்களின் அமைப்பு, இரு தரப்புக்கும் இடையிலான பழக்கம், முந்தைய தகராறுகள், கூலி, நிலம், கோயில், குடிநீர் ஆகியவற்றில் நிலவும் பாகுபாடு அனைத்தையும் வாக்குமூலங்களாகப் பதிய வேண்டும். எதிரி குடும்பத்தை அறிந்தவர் என்ற ஒரு வரி இடம்பெறாவிடில் 8(இ) பிரிவு உயிரற்றுப் போகிறது. வாய்மொழிப் புகாரை எழுதி, கையொப்பம் பெறும் முன் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது 4ஆம் பிரிவின் கட்டளை. அக்கணத்தில் பாதிக்கப்பட்டவரும் உடன் செல்வோரும் கவனமாகக் கேட்க வேண்டும். 'இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று சொல்லாமல் விடப்படுவதே பின்னாளில் விடுதலைத் தீர்ப்பின் காரணமாக எழுதப்படுகிறது.

நமக்கு வெளிப்படையானது நீதிபதிக்கும் வெளிப்படையாக இருக்கும் என்ற நம்பிக்கைக்குக் கயர்லாஞ்சி தந்த விலை போதும். தெரிந்ததையும் சொல்லுவோம், சொன்னதை எழுதவைப்போம், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுவோம்.