ஓபன்எஸ்எஸ்எல் இருக்கு, ஆனா இல்லை!

பழைய திறமூல மென்பொருள் ஒன்றின் மூலநிரலை இறக்கி கான்ஃபிகர் ஓட்டினால், திரை நிறைய "இருக்கிறது, இருக்கிறது" என்று வரிகள் ஓடும். கடைசியில் "ஓபன்எஸ்எஸ்எல் இல்லை" என்று நின்றுவிடும். அதன் டெவலப்மென்ட் பேக்கேஜை நிறுவப் போனால் "ஏற்கனவே இருக்கிறதே" என்று உபுண்டு சொல்லும். மறுபடி கான்ஃபிகர். மறுபடி இல்லை!

உடனே ஒரு அனுபவசாலி வைத்தியத்தோடு வந்துவிடுவார்: "புது லைப்ரரிக்குப் பழைய பேர்ல ஒரு சிம்லிங்க் போடு பாஸ், வேலை முடிஞ்சது." கேட்டவரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். இந்த அறிவுரையைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும்.

நடந்தது இதுதான். 2016 ஆகஸ்டில் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0 வந்தது. அதுவரை ஒரு ஃபங்ஷனாக இருந்த 'எஸ்எஸ்எல்_லைப்ரரி_இனிட்' அதில் வெறும் மேக்ரோ ஆகிவிட்டது. பழைய கான்ஃபிகரோ ஹெடரைப் பார்க்காமல் லைப்ரரிக்குள் அந்த ஒரு பெயரைத்தான் தேடும். காணோம் என்றதும் லைப்ரரியே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடும். பெருங்காயம் போடவில்லை, அதனால் வீட்டில் குழம்பே வைக்கவில்லை என்பது மாதிரி. கான்ஃபிக்.லாக் கோப்பில் உண்மைக் காரணம் அப்படியே எழுதியிருக்கும். யார் திறக்கிறார்கள்?

சோதனையை ஏமாற்றித் தாண்டினாலும் அடுத்த அடி கம்பைலரிடம். 1.0.2 வரை 'ஈவிபி_எம்டி_சிடிஎக்ஸ்' போன்ற ஸ்ட்ரக்சரை நிரலில் நேரடியாக அறிவிக்கலாம். 1.1.0 அதன் உள்ளமைப்பை மறைத்துவிட்டது. அளவு தெரியாமல் கம்பைலர் கையை விரிக்கும். (மறைத்தது சரியான முடிவுதான். இனி உள்ளே எதை மாற்றினாலும் வெளியே இருப்பவை உடையாது.)

இதில் சிம்லிங்க் எதைக் கிழிக்கும்? இல்லாத ஃபங்ஷனைக் கொண்டு வராது, ஹெடரைத் தொடாது. ஏற்கனவே கம்பைல் ஆன நிரலுக்குப் போட்டாலோ இன்னும் விபரீதம். லைப்ரரிப் பெயரின் வாலில் இருக்கும் எண் அழகுக்கு அல்ல. "இந்த எண் மாறாதவரை உன்னை உடைக்க மாட்டேன்" என்ற வாக்குறுதி. சிம்லிங்க் அங்கே பொய்க் கையெழுத்து. சிம்பல்களில் வெர்ஷன் குறித்த லைப்ரரி என்றால் லோடர் கண்டுபிடித்துத் தடுத்துவிடும். குறிக்காத லைப்ரரி என்றால் நினைவகத்தில் தப்பான இடத்தைப் படித்துக்கொண்டு நிரல் ஓடும். உடனே விழுந்தால் அதிர்ஷ்டம். விழாமல் ஓடினால்?

பழைய 1.0.2-ஐத் தனி ஃபோல்டரில் கம்பைல் செய்து, பிகேஜி-கான்ஃபிக் பாதையை அங்கே திருப்பிவிடுவது எவ்வளவோ நாணயமான வழி. சிஸ்டம் கெடாது. ஆனால் 1.0.2-க்கான பொது ஆதரவு 2019 முடிவோடு தீர்ந்தது, 1.1.1-க்கு 2023 செப்டம்பரில். அதை நெட்வொர்க்கைப் பார்த்தபடி உட்காரும் சர்வரில் மாட்டிவைப்பது திண்ணையில் சாவியை வைத்துவிட்டு ஊருக்குப் போவதுதான்.

இத்தனைக்கும் மென்பொருளைப் பராமரிப்பவர் அந்தச் சோதனையில் 'எஸ்எஸ்எல்_சிடிஎக்ஸ்_நியூ' என்று தேடச் சொல்லியிருந்தால், லைப்ரரி இல்லை என்ற பொய்யாவது வந்திருக்காது. அந்த ஃபங்ஷன் 1.0.2-இலும் உண்டு, 3.0-இலும் உண்டு. ஒரே ஒரு வரி. அதை மாற்றும் பேட்சை யாராவது அனுப்பினால், சேர்க்கவாவது செய்யலாம் அவர்.