தண்ணீர் நிலைக்காது என்று சொன்ன சமன்பாடு

1985-ஆம் ஆண்டு வில்லியம் ஹிஸ்காக், லீ லிண்ட்ப்ளம் என்ற இரண்டு அமெரிக்க இயற்பியலாளர்கள், அறை வெப்பநிலையில் சும்மா இருக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார்கள். சார்பியலுக்கு ஏற்ப எழுதப்பட்டு, அதற்குள் 45 ஆண்டுகள் புழக்கத்தில் இருந்துவிட்ட பாய்மச் சமன்பாடு அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே கேள்வி. வந்த விடை அதிர்ச்சியானது. தண்ணீரில் எழும் மிகச் சிறிய சலனமும் அடங்காது, பெருகிக்கொண்டே போகும். ஒன்றுக்குப் பின்னால் 34 சுழியம் போட்ட எண்ணால் ஒரு நொடியை வகுத்தால் எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரத்திலேயே அது பெருகத் தொடங்கிவிடும். அந்தச் சமன்பாட்டை நம்பினால் உலகில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிலையாக இருக்க வழியில்லை.

சமன்பாட்டை எழுதியவர்கள் அரைகுறை ஆட்கள் அல்லர். 1940-இல் கார்ல் எக்கார்ட் எழுதினார். பிறகு லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் தங்கள் புகழ்பெற்ற பாடநூல் வரிசையில் அதை இன்னொரு வடிவத்தில் எழுதினார்கள். நாவியே 1822-இலும் ஸ்டோக்ஸ் 1845-இலும் தந்த பழைய சமன்பாட்டை எடுத்து, ஐன்ஸ்டைனின் விதிகளுக்கு இசைவாக மாற்றி, என்ட்ரோபி குறையவே கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தார்கள். இந்த வேலையில் எங்கும் கணக்குப் பிழை இல்லை. ஆனாலும் விடை தவறு. எக்கார்ட்டின் வடிவத்தில் அசையாத தண்ணீரே நிலைகுலைகிறது. லாண்டாவின் வடிவத்தில், நிற்பவருக்கு அடங்கிவிடும் சலனம் ஓடுகிறவருக்குப் பெருகுவதாகத் தெரிகிறது.

இந்தக் கதையில் பொது வாசகருக்கும் ஆசிரியருக்கும் உதவும் ஒரு பாடம் இருக்கிறது. சமன்பாட்டின் தோற்றம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அது எதிலிருந்து வந்தது, வரும் வழியில் எதையெல்லாம் கழித்துவிட்டது என்று தெரியாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. தருவித்தல் என்ற பொறுமையான வேலையை, தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் சடங்காக நாம் நடத்துகிறோம். சார்பியல் பாய்மங்களின் வரலாறு அந்தப் பழக்கத்துக்கு எதிரான சாட்சி.

பிழை எங்கே என்பதை முதலில் பார்த்துவிடலாம். பாகுநிலை என்பது பாய்மத்தின் வேகமான அடுக்குக்கும் மெதுவான அடுக்குக்கும் இடையே நடக்கும் உந்தப் பரிமாற்றம். வேகமான அடுக்கிலிருந்து ஒரு மூலக்கூறு நழுவி மெதுவான அடுக்குக்குள் போகிறது. கூடவே தன் உந்தத்தையும் கொண்டுபோகிறது. அடுக்குகளுக்கு இடையே உராய்வு போன்ற ஒரு தகைவு பிறக்கிறது. பழைய சமன்பாடு என்ன சொல்கிறது என்றால், திசைவேகச் சரிவு இருக்கும் அதே கணத்தில் தகைவும் முழுதாக இருக்கும். தேர் வடத்தை முன்னால் இருப்பவர் இழுத்த அந்தக் கணத்திலேயே பின்னால் தேர் நகர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றது இது. குழாயில் ஓடும் தண்ணீருக்கு இந்த எளிமைப்படுத்தல் போதும். சார்பியலில் போதாது.

ஏனென்றால் சார்பியலில் 'அதே கணம்' என்பது எல்லோருக்கும் பொதுவானது அல்ல. விளைவு ஒளியைவிட வேகமாகப் பரவுமானால், ஒருவருக்கு முன்பு நடந்தது இன்னொருவருக்குப் பின்பு நடந்ததாகத் தெரியும். அப்போது ஒருவர் அடங்கிப்போவதாகக் காணும் சலனத்தை, வேறு வேகத்தில் செல்லும் ஒருவர் வளர்ந்துவருவதாகக் காண்பார். லொரென்சோ கவாசினோ அண்மை ஆண்டுகளில் இந்த உறவைத் தெளிவாக நிறுவிக் காட்டியிருக்கிறார். உராய்வால் ஆற்றல் சிதறும் ஒரு பாய்மத்தில் ஒளியின் எல்லையை மீறும் பரவல் இருந்தால், யாரோ ஒரு நோக்கருக்கு அது நிலைகுலைந்தே தீரும்.

அப்படியென்றால் தகைவு பிறக்க எவ்வளவு நேரம் ஆகும்? இதற்குப் பாய்மத்தைப் பாய்மமாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பதில் கிடைக்காது. மூலக்கூறுகளிடம்தான் போக வேண்டும்.

அந்த வழியைத் திறந்தவர் மாக்ஸ்வெல். 1860-இல் அவர் வியப்பான ஒரு முடிவுக்கு வந்தார்: வாயுவின் பாகுநிலை அதன் அடர்த்தியைப் பொறுத்தது அல்ல. அடர்த்தி கூடினால் உந்தத்தைச் சுமக்கும் மூலக்கூறுகள் கூடுகின்றன. ஆனால் அதே அளவுக்கு மோதல்களும் கூடி, ஒவ்வொரு மூலக்கூறும் மோதாமல் போகும் தூரம் குறைகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. அவருக்கே இதை முழுதாக நம்ப முடியவில்லை. லண்டன் கென்சிங்டன் வீட்டிலேயே சோதனை வைத்தார்; வெப்பநிலையைச் சீராக வைத்திருக்க மனைவி கேத்தரின் உதவினார். 1866-இல் முடிவு வெளிவந்தது. கொள்கை சொன்னது சரிதான். அடுத்த ஆண்டுக் கட்டுரையில், தகைவு தளர்ந்து அடங்க ஒரு நேரம் ஆகும் என்பதையும் அவர் எழுதிவிட்டார். சார்பியல் பாய்மச் சமன்பாடுகளுக்குப் பின்னாளில் தேவைப்பட்ட தளர்வு நேரம், சார்பியல் பிறப்பதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தது!

1872-இல் போல்ட்ஸ்மான், எத்தனை மூலக்கூறுகள் எங்கே, எந்த உந்தத்தோடு இருக்கின்றன என்ற பரவல் எப்படி மாறும் என்பதற்குச் சமன்பாடு கொடுத்தார். சாப்மனும் என்ஸ்காகும் 1916, 1917 ஆண்டுகளில் அதிலிருந்து நாவியே–ஸ்டோக்ஸ் சமன்பாட்டைத் தருவித்தார்கள். மோதலிடைத் தூரம் சிறியது, பாய்மத்தின் மாற்றங்கள் நிகழும் தூரம் பெரியது. இந்த விகிதத்தைச் சிற்றளவாகக் கொண்டு படிப்படியாக விரித்தெழுதுவது அவர்கள் முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே முறையைச் சார்பியல் வாயுவுக்குப் பயன்படுத்தி முதல் படியோடு நிறுத்தினால், வழக்கமான தெரிவுகளில் கிடைப்பது அதே நிலையற்ற சமன்பாடுதான். போல்ட்ஸ்மான் சமன்பாடு ஒளியின் எல்லையை மதிக்கிறது. அதிலிருந்து இறங்கிய பிள்ளை மதிக்கவில்லை. தகைவைச் சரிவின் நிழலாகவே எடுத்துக்கொண்டு, அது வளரும் நேரத்தை விரித்தெழுதும்போதே கழித்துவிட்டதுதான் காரணம். ஆகவே 'மூலத்திலிருந்து தருவித்தோம்' என்ற ஒரு சொல் மட்டும் சமன்பாட்டைக் காப்பாற்றாது. எந்தப் படியில் எதைக் கைவிட்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கைவிட்டதைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் 1967-இல் இங்கோ முல்லர், 1970-களில் வெர்னர் இஸ்ரேலும் ஜான் ஸ்டுவர்ட்டும். ஹெரால்ட் கிராட் 1949-இல் தந்த முறையைச் சார்பியலுக்கு விரித்து, தகைவையும் வெப்பப் பாய்வையும் தனித்த மாறிகளாக்கினார்கள். ஒவ்வொன்றும் தன் தளர்வு நேரத்தில்தான் நிலைக்கு வரும். தண்ணீர் மீண்டும் அமைதியாயிற்று.

ஆனால் ஒரு நெருடல் மிஞ்சியது. போல்ட்ஸ்மான் சமன்பாட்டிலிருந்து எண்ணற்ற சராசரிகளை எடுக்கலாம். இஸ்ரேலும் ஸ்டுவர்ட்டும் எடுத்த சராசரியை ஏன் எடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பதை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கு நியாயம் இல்லை. வேறொன்றை எடுத்தால் குணகங்களின் மதிப்பு மாறுகிறது. இந்தக் குறையைக் கேப்ரியல் டெனிகோல், ஹாரி நியமி, எடெலே மோல்னார், டிர்க் ரிஷ்கே ஆகிய நால்வரும் 2012-இல் வெளியிட்ட கட்டுரை சரிசெய்தது. எல்லாச் சராசரிகளையும் வைத்துக்கொண்டு, அவற்றில் மிக மெதுவாகத் தளர்பவை எவை என்று கண்டு, அவற்றுக்கு மட்டும் இயக்கச் சமன்பாடு எழுதினார்கள். விரைவாகத் தளர்பவை மெதுவானவற்றின் பின்னால் தாமாகவே போய்விடும். எதைக் கழிக்கலாம் என்பதை எழுதுபவரின் வசதி தீர்மானிக்காமல், மூலக்கூறுகளின் மோதல்களே தீர்மானித்தன.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கு உள்ள பங்கு நம் வகுப்பறைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. ராஜஸ்தானின் கோட்டாவில் பிறந்த பிரபு லால் பட்நாகர், கிராஸ், குரூக் ஆகியோரோடு சேர்ந்து 1954-இல் ஒரு மாதிரியைக் கொடுத்தார். போல்ட்ஸ்மான் சமன்பாட்டில் மோதல்களைக் குறிக்கும் சிக்கலான பகுதியை ஒரே ஒரு தளர்வு நேரமாகச் சுருக்கியது அது. மூவர் பெயரின் முதலெழுத்துகளோடு உலகெங்கும் இன்று வழங்கும் அந்த மாதிரி, விமானப் பொறியாளர்களுக்கும் பயன்படுகிறது, அணுக்கரு இயற்பியலாளர்களுக்கும் பயன்படுகிறது. பட்நாகர் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பயன்பாட்டுக் கணிதத் துறையை உருவாக்கினார். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த அமரேஷ் ஜெய்ஸ்வால் 2013-இல், இந்தத் தளர்வு நேர அணுகுமுறையின் சார்பியல் வடிவத்திலிருந்து, கிராட்டின் அனுமானம் இல்லாமலே இரண்டாம் படிச் சமன்பாடுகளைத் தருவித்தார். மூன்றாம் படிக்கும் போனார்.

இவ்வளவு பாடு எதற்கு? அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 2000-இல் தங்க அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளி வேகத்தில் மோதவிடத் தொடங்கினார்கள். ஜெனீவாவில் 2010 முதல் ஈய அணுக்கருக்கள் மோதுகின்றன. அங்கே பல கருவிகளில் இந்தியர் உழைப்பு உண்டு. ஃபோட்டான்களை எண்ணும் ஒரு கருவிக்குக் கொல்கத்தா தலைமை தாங்கியது. மோதலில் வெப்பநிலை சில லட்சம் கோடி டிகிரியை எட்ட, புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகி குவார்க்குகளும் குளுவான்களும் கலந்த குழம்பாகின்றன. வாயுவாக இருக்கும் என்று பலர் எதிர்பார்த்த அந்தப் பொருள், கிட்டத்தட்ட உராய்வே இல்லாத திரவமாக நடந்துகொள்கிறது என்று 2005-இல் புரூக்ஹேவன் அறிவித்தது.

அந்தத் திரவத்தின் பாகுநிலையை யாரும் கருவி வைத்து நேரடியாக அளக்கவில்லை. சிதறி வரும் துகள்களின் திசைகளை அளக்கிறார்கள். பிறகு இரண்டாம் படிச் சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டி, எந்தப் பாகுநிலை மதிப்புக்கு அளவீடு ஒத்துப்போகிறது என்று தேடுகிறார்கள். பாகுநிலைக்கும் என்ட்ரோபி அடர்த்திக்கும் உள்ள விகிதம், இயற்கை அலகுகளில், கோவ்டுன், சான், ஸ்டாரினெட்ஸ் மூவரும் முன்வைத்த 0.08 என்ற மதிப்புக்கு அருகில் வருகிறது. ஆகவே இந்த எண்ணின் நம்பகம் சமன்பாட்டின் நம்பகத்தைத் தாண்டிப் போக முடியாது.

'அளவீட்டோடு ஒத்துப்போகிறதே, அது போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதற்கு அண்மைச் சான்று இருக்கிறது. இந்தச் சமன்பாடுகள் எந்த நிபந்தனையில் ஒளியின் எல்லைக்குள் நிற்கும் என்பதற்கான கணித விதிகள் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெளிவாயின. அவற்றை வைத்து, ஆய்வுலகில் புழங்கும் கணினிக் கணக்குகளை ஒரு குழு 2021-இல் சோதித்தது. மோதலின் தொடக்கக் கணத்தில், பாய்மத்தைப் பிரித்த சிறு கட்டங்களில் நான்கில் மூன்று பங்கு வரை அந்த விதிகளை மீறின. முடிவில் கிடைக்கும் வரைபடங்கள் அளவீட்டோடு அழகாகப் பொருந்தின. உள்ளே சமன்பாடு தன் எல்லைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. பொருத்தம் என்ற ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மூலக்கூறுகளின் இயக்கத்திலிருந்து தொடங்கும் இந்த இயக்கவியற்கொள்கை, துகள்கள் தனித்தனியாகப் பறந்து எப்போதாவது மோதும் வாயுவுக்கு உரியது. இந்தக் குழம்பிலோ துகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. மோதலிடைத் தூரம் என்ற சொல்லுக்கே பொருள் இருக்கிறதா என்பது சந்தேகம். பிறகு அங்கிருந்து தருவித்து என்ன பயன்? நியாயமான கேள்வி. வேறு மூலத்திலிருந்தும் இதைத் தருவித்துப் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் சாயந்தனி பட்டாச்சார்யா, வெரோனிகா ஹுபெனி, ஷிராஸ் மின்வாலா, முகுந்த் ரங்கமணி ஆகியோர் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டிலிருந்து, ஐந்து பரிமாண வெளியில் உள்ள கருந்துளையின் சலனங்களாகவே, பாய்மச் சமன்பாடுகளைப் பெற்றார்கள். சமன்பாட்டின் பொது வடிவம் அங்கும் இணைகிறது. எண்கள்தான் மாறுகின்றன. தளர்வு நேரத்தைப் பாகுநிலையோடு இணைக்கும் குணகம் பட்நாகர் வழியில் 5, கருந்துளை வழியில் ஏறக்குறைய 2.6. எது பொதுவானது, எது பொருளுக்குப் பொருள் மாறுவது என்பது இரண்டு வழிகளிலும் தருவித்த பிறகே தெரிந்தது. ஒரு வழியின் போதாமை, தருவித்தலே வேண்டாம் என்பதற்கு வாதமாகாது. இன்னொரு வழி தேடு என்பதற்கான வாதம்.

முடிந்த கதையும் அல்ல இது. முதல் படிச் சமன்பாடு தேறாது என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் நம்பினார்கள். சமநிலை குலைந்த பாய்மத்தில் வெப்பநிலை எது, வேகம் எது என்பதை வேறு விதமாக வரையறுத்தால் முதல் படியும் ஒழுங்காக நடக்கும் என்று 2018-இல் பெம்ஃபிக்கா, டிஸ்கோன்சி, நொரோன்யா காட்டினார்கள்; அடுத்த ஆண்டு கோவ்டுனும் காட்டினார். இயக்கவியற்கொள்கையிலிருந்தும் அதற்கு ஒரு வழி போட்டார்கள். மோதும் நியூட்ரான் விண்மீன்களைக் கணக்கிட இந்த வடிவம் வசதியாக இருக்கலாம். 2017 ஆகஸ்ட் 17-இல் அப்படி ஒரு மோதலின் ஈர்ப்பலை பூமிக்கு வந்து சேர்ந்தது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் எழவிருக்கும் லைகோ-இந்தியா ஈர்ப்பலை ஆய்வகம் இயங்கத் தொடங்கினால், அத்தகைய அலைகளில் பாகுநிலையின் தடயத்தைத் தேடும் வேலையில் நம் மாணவர்களும் இருப்பார்கள்.

அவர்களுக்கு நாம் எப்படிக் கற்பிக்கிறோம்? தமிழ்நாட்டின் பிளஸ் 1 இயற்பியலில் பாகுநிலை ஓர் அலகில் வருகிறது, வாயுக்களின் இயக்கவியற்கொள்கை வேறோர் அலகில் வருகிறது. மாக்ஸ்வெல்லின் அடர்த்தி முடிவை ஒரே பக்கத்தில் எழுதி இரண்டையும் இணைக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறு கணிதம் தேவைப்படாது. முதுகலை வகுப்பில் பட்நாகர் மாதிரியிலிருந்து பாகுநிலையைத் தருவிக்க இரண்டு வகுப்பு நேரம் போதும். மூன்றாவது வகுப்பில் எக்கார்ட்டின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, அறை வெப்பநிலைத் தண்ணீருக்கான எண்களைக் கொடுத்து, என்ன ஆகிறது என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம்.