கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

கனகராயன் ஆற்று நன்னீரால் நிறைவது நம் இரணைமடுக் குளம். அதனருகே ஒருவர் வீட்டில் கடலை வளர்க்கிறார் என்றால் வியப்பாக இல்லையா? நம் மாணவர் ஒருவர் கண்ணாடித் தொட்டியொன்றில் மென்பவளங்களை வளர்த்து வருகிறார். அண்மையில் அவை சுருங்கின. எங்கும் பாசி படர்ந்தது. "நாங்கள் குடிக்கிற குழாய்த் தண்ணீரைத்தானே ஐயா ஊற்றினேன்?" என்று முகம் வாடிக் கேட்டார்.

நாம் அவருக்குக் காட்டியது நம் வீட்டுக் கேத்திலை. அதன் அடியிலே வெள்ளைப் படிவு! நீர் ஆவியாகும், அதில் கரைந்துள்ள உப்புக்கள் ஆவியாகா. தொட்டியிலும் நிகழ்வது இதுவே. நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வற்ற, லீற்றருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் கொண்ட நீரை ஊற்றி ஈடுசெய்கிறோம் எனக் கொள்வோம். ஓராண்டில் ஏறத்தாழ 180 கிராம் உள்ளே தங்கிவிடும். அதில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் இருந்தால் பாசிக்கு விருந்து. செம்பு சிறிதளவு இருந்தாலும் பவளத்துக்கு நஞ்சு. குளோரீன் மட்டுமென்றால் நீரை ஒரு நாள் திறந்து வைத்தே போக்கிவிடலாம்.

துணியில் வடித்துப் பயனில்லை. நுண்சவ்வினூடே அழுத்தி வடித்த நீர் வேண்டும். சிறுநீரக நோய்க்கு அஞ்சி வன்னியில் பலர் குடிப்பதற்கு வாங்கும் அதே 'ஆர்.ஓ.' நீர்தான். புதிதாகத் தொட்டி நிரப்பும்போது லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் மீன்தொட்டிக் கடலுப்பைக் கலக்க வேண்டும். வற்றியதை ஈடுசெய்யும் நீரில் உப்புக் கூடாது.

மாணவர் இப்போது கிழமைதோறும் சைக்கிளில் ஒரு கலன் நீர் கட்டி வருகிறார். பவளங்களுள் இரண்டு மீண்டும் விரிந்துள்ளன. கலனில் பாதியைத் தாயார் தேநீருக்கு எடுத்துவிடுகிறாராம்!