மலைக்குச் சும்மா போகும் உரிமை

மதுரையைச் சுற்றி ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடிய மலைகளின் பட்டியல்கள் கைபேசியில் கொட்டிக் கிடக்கின்றன. சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்தச் செருப்பு வழுக்காது, எங்கே நின்றால் படம் நன்றாக விழும், எல்லாம் இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: பாதுகாப்பான இடம், தாராளமாகப் போகலாம்.

யாருக்குப் பாதுகாப்பு?

எங்கள் படிப்பு வட்டத் தோழர்கள் பதினோரு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பேருந்து ஊரை நெருங்கியதும் தோழர் ஒருவர் அண்ணல் படம் போட்ட நீலச் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. யாரும் ஏனென்று கேட்கவும் இல்லை. மலையடிவார டீக்கடையில் ஒரு பெரியவர், "எந்த ஊருப்பா?" என்றார். சொன்னோம். "ஊர்ல எந்தப் பக்கம்?" சொன்னோம். "யாரு வீட்டுப் பிள்ளைக?" மூன்றாவது கேள்விக்குப் பிறகு டீ காகிதக் கோப்பையில் வந்தது. அதே நேரம் தொப்பியும் கேமராவுமாகக் காரில் வந்து இறங்கியவர்களிடம் அவர் ஊர்ப்பெயரைக்கூடக் கேட்கவில்லை. கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக்கொடுத்து, சுனைக்குப் போகும் குறுக்குவழியையும் காட்டினார். எந்தப் பட்டியலிலும் இந்தக் கேள்விகள் இல்லை. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் தோழர்கள் சிலரே சொல்கிறார்கள்: 'மலையேற்றமெல்லாம் வசதியானவர்கள் பொழுதுபோக்கு, நமக்கு ஆயிரம் வேலை இருக்கிறது.' இதை நாம் ஏற்கவில்லை. நம் ஆட்கள் மலைக்குப் போகாதவர்களா? ஆடு மேய்க்கப் போனார்கள், விறகுக்குப் போனார்கள். மேலூர் வட்டார மலைகளை கிரானைட் கம்பெனிகள் அறுத்துத் தள்ளியபோது கூலிக்குப் போனவர்களிலும் நம்மவர்கள் உண்டு. வேலைக்குப் போனால் யாரும் கேட்பதில்லை. சும்மா போனால்தான் கேட்கிறார்கள். வேலையில்லாமல், யாரிடமும் காரணம் சொல்லாமல், ஒரு பாறையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது நமக்கு இன்னும் உரிமையாகவில்லை.

நடப்பது இந்த நாட்டில் எப்போதும் அரசியல்தான். பொதுச்சாலையில் எவரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். சாலைகளிலும் கடைகளிலும் சாதியின் பேரால் தடை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2). வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொது இடத்தில் செருப்பணிந்து போவதைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. இத்தனைக்கும் பிறகு 2023 டிசம்பரில்தான் திருப்பூர் மாவட்டம் ராஜாவூரின் கம்பள நாயக்கன் தெருவில் தலித் மக்கள் செருப்புடன் நடந்தார்கள். சில நூறு மீட்டர் தெரு. எந்தச் செருப்பு வழுக்காது என்று எழுதுகிறவர்களே, இந்த ஏற்றத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

இன்னொன்று. மேலூர்ப் பக்கம் போகச்சொல்லும் பட்டியல்கள் கீழவளவின் சமணப் படுகைகளோடு நின்றுவிடுகின்றன. அதே மேலூரிலிருந்து இன்னொரு பேருந்து ஏறினால் மேலவளவு. தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட இடத்தில் 1996இல் நின்று வென்ற முருகேசனை, மதுரையிலிருந்து ஊர் திரும்பிய பேருந்தை மறித்து, 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் உடன் வந்தவர்களோடு வெட்டிக்கொன்றார்கள். அங்கே அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டு பழைய கல்வெட்டைத் தடவிப் பார்க்க நேரமிருக்கிறவர்களுக்கு இதற்கு ஒரு மணி நேரம் கிடைக்காதா? (மாங்குளத்துத் தமிழி எழுத்தை நம்மில் பலருக்கு முதலில் காட்டியது பசுமை நடை நண்பர்கள்தான். அந்த நன்றி என்றும் உண்டு. கல்வெட்டு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை.)

எனவே நமக்கான பட்டியலை நாமே எழுதுவோம். எந்த மலையில் என்ன சிற்பம் என்பதோடு, எந்தக் கடையில் எந்தக் கோப்பை, எந்தத் தெருவைத் தாண்டும்போது வண்டியை விட்டு இறங்கச் சொன்னார்கள், எந்த ஊரில் மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள் என்பதையும் எழுதுவோம். நல்லதையும் விடக்கூடாது, அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக மக்கள் திரண்டு, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் அதில் வர வேண்டும். பெண் தோழர்கள் தனியாக எழுத வேண்டும், அவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் வேறு. தேதி, நேரம் போட்டு எழுதுங்கள். புகார் கொடுக்க வேண்டிவந்தால் அதுதான் உதவும்.

முதல் நடை சமணர் மலை. வரும் ஞாயிறு காலை 6 மணி, கீழக்குயில்குடி தாமரைக் குளக்கரை. நாகமலைப் புதுக்கோட்டை வழியாக வாருங்கள். செட்டிப்புடவில் தீர்த்தங்கரரைப் பார்த்துவிட்டு, பேச்சிப்பள்ளம் வரை படியேறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். நீலச் சட்டை வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வாருங்கள்.