மண்டை ஓடு வந்தால் பதற வேண்டாம்!

கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அம்மா ஒரு ஜோக்கை ஃபார்வர்டு செய்கிறார். பதிலுக்கு வருவது ஒரு மண்டை ஓடு! பதறத் தேவையில்லை. 'சிரிச்சு சிரிச்சே செத்துட்டேன்' என்பதுதான் இன்றைய மாணவர் மொழியில் அதற்கு அர்த்தம். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தை 2015-ம் ஆண்டின் சொல்லாகவே ஆக்ஸ்ஃபோர்டு அகராதி தேர்ந்தெடுத்தது. இன்றோ பல இளைஞர்களுக்கு அது 'பெரியவங்க எமோஜி'.

'எமோஜி' ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து. 1999-ல் ஜப்பானின் என்.டி.டி. டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகேடகா குரிடா வடிவமைத்த 176 குட்டிப் படங்கள், இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரில் முகமும் குரலும் சொல்வதை, போனில் இந்தப் படங்கள்தான் சொல்கின்றன.

படம் மட்டுமல்ல, ஒரு புள்ளிகூடப் பேசும். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 126 மாணவர்களிடம் சில உரையாடல்களைக் காட்டினார்கள். ஒரு வார்த்தைப் பதிலின் முடிவில் முற்றுப்புள்ளி இருந்தால், அது மனதார வந்த பதிலாக மாணவர்களுக்குத் தோன்றவில்லை. அதையே கையெழுத்தில் காட்டியபோது, புள்ளியால் எந்த வித்தியாசமும் இல்லை. பரீட்சையில் புள்ளி வைக்காவிட்டால் மார்க் போகும். போனில் வைத்தால் நட்பே முறுக்கிக்கொள்ளும்!

கட்டைவிரலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு அது 'சரி'; மாணவர்கள் பலருக்கு 'பேச்சை இதோடு விடு'. கனடாவில் அது கையெழுத்தாகவே ஆகிவிட்டது. போனில் வந்த ஒப்பந்தத்தின் போட்டோவுக்கு ஒரு விவசாயி கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினார். 'பார்த்துட்டேன்னுதான் அர்த்தம்' என்ற அவரது வாதத்தை சஸ்காச்சுவான் நீதிமன்றம் 2023-ல் ஏற்கவில்லை. ஆளி விதையைத் தராததற்காக 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகள் அனுப்பும் படத்துக்கு நீங்களாக அர்த்தம் கற்பித்துக் கோபப்படாதீர்கள். 'இதுக்கு என்னப்பா அர்த்தம்?' என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மாணவர்களே, ஆசிரியருக்கோ தாத்தாவுக்கோ பதில் போடும்போது படத்தோடு நாலு வார்த்தையும் சேருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எல்லா மஞ்சள் சிரிப்புக்குப் பின்னாலும் சிரிப்பு இருப்பதில்லை. ரிசல்ட் வந்த நாளில், 'என்னம்மா ஆச்சு?' என்ற கேள்விக்கு வெறும் சிரித்த முகம் மட்டும் பதிலாக வந்தால், பதிலுக்கு இன்னொரு படம் அனுப்பாதீர்கள். உடனே போன் போடுங்கள். படம் மறைப்பதைக் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.