குப்பையைப் பிரிப்பது யார்?

நண்பர்களே, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெற்றி வீரர்கள் ஏறி நின்ற மேடைகள் எதனால் ஆனவை, தெரியுமா? ஜப்பானிய மக்கள் சேர்த்துக் கொடுத்த பழைய பிளாஸ்டிக்கால்! கணிப்பொறி வரைபடத்தின்படி, உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகப் படியவைக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் அவற்றை உருவாக்கின.

அப்படியானால் இனிக் குப்பைக் கவலை இல்லை என்று எண்ணலாமா? கூடாது. புட்டிகளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். ஷாம்பு புட்டிகளில் பெரும்பாலும் 2. அந்தப் பிளாஸ்டிக் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். குடிநீர்ப் புட்டியில் 1. அது உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். இரண்டும் கலந்தால் உருகாத துணுக்குகள் அச்சு முனையை அடைத்துக்கொள்ளும். அடுக்குகளும் உறுதியாக ஒட்டமாட்டா.

ஆகவே, புதிய இயந்திரம் வாங்குவதைவிட வகை பிரிக்கும் பழக்கமே முதலில் தேவை என்பேன். இன்றே உங்கள் வீட்டுப் புட்டிகளைக் கவிழ்த்து எண்ணைப் பாருங்கள். கழுவி, எண் வாரியாகப் பிரித்து வையுங்கள்!