விழா விருந்தில் வான்கோழி



கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென்று கொல்லையில் வான்கோழி வளர்க்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அதை வளர்ப்பது எளிதன்று. முட்டை பொரிக்கவே 28 நாள் ஆகும். பொரித்த குஞ்சுக்கு இரையும் நீரும் இருக்குமிடம் விரைவில் தெரியாது. அருகிருந்து ஊட்ட வேண்டும். இவ்வாறு மாதக்கணக்கில் பேணிய பறவை, விருந்தன்று சக்கைபோல் வறண்டு, பிள்ளைகள் அதை இலையோரம் ஒதுக்குவார்களாயின், வளர்த்த தாயின் உழைப்பன்றோ வீணாகிறது?

வான்கோழி நம் நாட்டுப் பறவையன்று. அதன் காட்டினம் இன்றும் வட அமெரிக்கக் காடுகளில் திரிகிறது. மெக்சிகோவின் பழங்குடியினர் அதை வீட்டுப் பறவையாக்கினர். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1612-இல் கோவாவிலிருந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் ஒரு வான்கோழி வந்து சேர்ந்தது. அவர் வியந்து, ஓவியர் மன்சூரைக் கொண்டு அதனை வரையச் செய்தார்.

காட்டு வான்கோழியின் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு; ஓடித் திரிவதால் கால்களில் நரம்பு மிகுதி. கொல்லையில் மேய்ந்து வளரும் நம் வான்கோழியும் ஏறக்குறைய அத்தன்மையதே. ஆகவே பண்ணைக் கோழியைச் சமைப்பதுபோல் இதனைச் சமைத்தலாகாது.

வறட்சிக்குக் காரணம் யாது? சூடு ஏற ஏறத் தசைநார்கள் சுருங்கித் தம்மிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. நெஞ்சுக்கறி மெல்லியது, விரைவில் வெந்துவிடும். தொடையும் காலுமோ, நரம்பும் சவ்வும் இளகிக் குழையும் வரை நெடுநேரம் வேக வேண்டியவை. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரம் இட்டால், கால் வேகும் முன்னே நெஞ்சு உலர்ந்துவிடும். பிழை இங்கேதான் நேர்கிறது.

எனவே இரண்டையும் தனித்தனியே பிரித்து வையுங்கள். ஒரு கிலோ கறிக்கு இரண்டு தேக்கரண்டித் தூளுப்பு வீதம் தடவி, நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படுமுன் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உப்பு உள்ளே இறங்கித் தசை தன் நீரைக் காத்துக்கொள்ளத் துணைபுரியும். பெட்டி இல்லாத வீட்டில் கறியை இரவு முழுதும் வெளியே வைத்தல் தீது. காலையில் அறுத்து, இரண்டு மணி நேரம் உப்பில் ஊறினால் போதும். குழம்பில் மேலும் உப்பிடுமுன் சுவைத்துப் பாருங்கள்.

தொடை, கால், கழுத்து ஆகியவற்றை மசாலாவுடன் மூடிய பாத்திரத்தில், இளந்தீயில் ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ வேக விடுங்கள். கால்கறி எலும்பை விட்டு இளகிய பின்னரே நெஞ்சுக்கறியைப் பெரிய துண்டுகளாகச் சேர்க்க வேண்டும். பதினைந்து, இருபது நிமிடத்தில் அது வெந்துவிடும். ஒரு துண்டைப் பிளந்து பாருங்கள்: நடுவில் செந்நிறம் மாறி, வடியும் சாறு தெளிந்திருந்தால் இறக்கிவிடலாம். உட்சூடு 74 டிகிரி செல்சியசை எட்டினால் கேடில்லை. அதற்கு மேல் கொதிப்பதெல்லாம் வறட்சிக்கே வழி. நெஞ்சுக்கறியைப் பிரஷர் குக்கரில் இடவே வேண்டாம். இறக்கிய பின் பத்து நிமிடம் மூடி வைத்துப் பரிமாறுங்கள். கேழ்வரகுக் களிக்கு இக்குழம்பு மிகப் பொருந்தும்.

இளைஞருக்கு ஒரு சொல். நம் மலைக்காடுகளிலுள்ள காட்டுக்கோழியை விருந்துக்கெனப் பிடிக்க முனையாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இம்முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. கால்கறி இளந்தீயில் தானே வெந்துகொண்டிருக்கும்போது, தாயும் அடுப்படியை விட்டு வந்து விழா நாளில் தன் மக்களோடு அமரலாம். அவர் கட்டாயம் அருகிருக்க வேண்டியது கடைசி இருபது நிமிடமே.